சொப்பினின் வலது கால்

சொப்பின் என்ற பெயரைச் சொன்னால் எங்கள் தோட்டப் பக்கம் பலருக்கும் தெரியாது. அவருடைய ஒரு மெட்டு மட்டும் தெரியும். சினிமாவில் சவ ஊர்வலம் போகும்போது பின்னணியில் கனமாக அடியெடுத்து வருமே, அந்த மேற்கத்திய இசைதான். அதை எழுதியவர் போலந்துக்காரர். 20 வயதில் ஊரைவிட்டுப் புறப்பட்டு, 39 வயதில் இறக்கும்வரை திரும்பிப் போகாதவர்.

நான் அவரிடம் வந்து சேர்ந்தது ஒரு பெடல் வழியாக. இரத்தினபுரி மாவட்டத் தோட்டமொன்றின் தேவாலயத்தில் டிஜிட்டல் பியானோ ஒன்றிருக்கிறது. அதை வாசிக்கிற தங்கச்சி வலது பெடலில் வைத்த காலை எடுக்கவே மாட்டாள். முன்னால் வாசித்தது அடங்குமுன்பே பின்னால் வருவது அதோடு கலந்து, பாட்டு முழுக்கக் குழம்பிவிடும். காலை எப்போது எடுப்பது என்று அவளுக்குச் சொல்வதற்காகத் தேடினேன். தேடல் திரும்பத் திரும்பச் சொப்பினில் போய் நின்றது.

பிரெடெரிக் சொப்பின் 1810இல் வோர்சோ நகருக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்தார். அப்பா பிரான்சிலிருந்து வந்து குடியேறிய ஆசிரியர், அம்மா போலந்துக்காரி. அந்த நாட்டை ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஒஸ்ரியாவும் 1795இற்குள் பங்குபோட்டு முடித்திருந்தன. சொப்பின் வளர்ந்த வோர்சோ ரஷ்ய ஸார் மன்னனின் பிடியில் இருந்தது. 7 வயதிலேயே அவருடைய முதல் இசை அச்சில் வந்துவிட்டது.

1830 நவம்பர் 2ஆம் திகதி அவர் ஊரிலிருந்து கிளம்பியது தப்பி ஓடுவதற்காக அல்ல. வெளிநாடுகளில் கச்சேரி செய்து பெயரெடுக்கத்தான். நான்கு கிழமைக்குள், நவம்பர் 29ஆம் திகதி, வோர்சோவில் ரஷ்யாவுக்கு எதிரான கிளர்ச்சி வெடித்தது. வியன்னாவில் கூட இருந்த நண்பர் டைட்டஸ் சண்டையில் சேர ஊர் திரும்பினார். பலமில்லாத உடம்புக்காரரான சொப்பின் அங்கேயே தங்கிவிட்டார். அடுத்த செப்ரெம்பரில் ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் நகரில் இருந்தபோது வோர்சோ வீழ்ந்த செய்தி வந்தது. அப்பா, அம்மா, சகோதரிகள் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாது. அன்று நாட்குறிப்பில் கோபத்தையும் கையாலாகாத்தனத்தையும் கொட்டி எழுதியிருக்கிறார். 2009இல் வெளிநாட்டிலிருந்து வன்னிக்குத் தொலைபேசி எடுத்துப் பதில் கிடைக்காமல் இருந்தவர்களுக்கு அந்தப் பக்கங்களை விளக்கத் தேவையில்லை.

எங்கள் மாகாணத்திலும் போனவர்கள் இருக்கிறார்கள். 1977, 1981, 1983 வன்செயல்களின்போது இரத்தினபுரி, கேகாலை தோட்டங்களிலிருந்து லயன்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போன குடும்பங்கள் பல. பிறகு அங்கேயும் யுத்தம் அவர்களைப் பிடித்தது. எங்கள் அம்மாயியின் தங்கச்சி குடும்பம் அப்படிப் போனதுதான். எந்த ஊர் என்று கேட்டால் சின்ன அம்மாயி கடைசிவரை தோட்டத்தின் டிவிசன் பெயரைத்தான் சொன்னார்.

சொப்பினைக் கோழை என்றும் சொல்லலாம், இசையால் போராடிய வீரர் என்றும் சொல்லலாம். இரண்டுமே அவசரத் தீர்ப்பு என்பேன். புரட்சி எட்யூட் என்று பெயர்பெற்ற அவருடைய வேகமான இசையை வோர்சோ வீழ்ந்த செய்தி கேட்டு எழுதினார் என்பார்கள். கேட்க நல்ல கதை. ஆதாரம் உறுதியில்லை. பாரிஸில் அவர் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைத்தார், பொதுக் கச்சேரிகளை முடிந்தளவு தவிர்த்தார் என்பவை உறுதியானவை. போலந்துக் கிராமத்து ஆட்டமான மசூர்க்காவை வைத்து 50இற்கும் மேற்பட்ட இசைகளை எழுதினார், பெரும்பாலும் போலந்துக்கு வெளியே இருந்து. 1835இல் பெற்றோரை வேறொரு நாட்டில் சந்தித்தார். அதன்பின் அப்பாவைக் காணக் கிடைக்கவில்லை.

இனிப் பெடல். பியானோவின் கம்பிகள்மேல் கம்பளி பொதிந்த தடுப்புகள் படுத்திருக்கும். கட்டையை அழுத்தினால் அதற்குரிய தடுப்பு எழும், விரலை எடுத்தால் விழுந்து ஒலியை நிறுத்தும். வலது பெடல் எல்லாத் தடுப்புகளையும் ஒரேயடியாகத் தூக்கிவிடும். விரல் போன பிறகும் கம்பி அதிரும், தொடாத கம்பிகளும் சேர்ந்து அதிரும். டிஜிட்டல் பியானோவில் கம்பியே இல்லை, பெடல் ஒரு சுவிட்ச்தான். மலிவானது இரண்டு நிலையை மட்டும் அறியும். நல்லது பாதி மிதித்தாலும் உணரும். (பெடலை மிதித்தபடி மின்சாரத்தைப் போட்டால் பல கீபோர்டுகளில் அது தலைகீழாக வேலை செய்யும். பழுது என்று கடைக்குத் தூக்கிப் போகாமல், காலை எடுத்துவிட்டு ஒருமுறை நிறுத்திப் போட்டுப் பாருங்கள்.)

சொப்பினின் ஓபஸ் 9, இரண்டாவது நொக்டர்னைக் கேளுங்கள். இடதுகை கீழே ஒரு சுரத்தைத் தட்டிவிட்டு உடனே மேலே தாவி மற்றச் சுரங்களைப் பிடிக்கிறது. அந்த அடிச் சுரத்தைக் கையால் பிடித்துவைக்க வழியில்லை. கால்தான் பிடித்துவைக்கிறது. எங்கே மிதிப்பது என்று எழுதிய சொப்பின், எங்கே விடுவது என்று ஒரு நட்சத்திரக் குறியும் போட்டார். சுரக்கூட்டு மாறும் இடத்தில் பழையதை விட்டுவிடவேண்டும். பெடல் என்பது வாழ்நாள் முழுக்கப் படிக்கவேண்டிய பாடம் என்பது அவர் கருத்து எனச் சீடர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

தங்கச்சிக்கு நான் சொன்னது இவ்வளவுதான். புதிய கோர்டை அடிக்கிற கணத்தில் கால் மேலே, அடித்தவுடன் கால் கீழே. இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் பிடித்துக்கொண்டாள்.

1849 ஒக்ரோபர் 17ஆம் திகதி சொப்பின் பாரிஸில் இறந்தார். இறுதிச் சடங்கில் அவருடைய அதே சவ ஊர்வல மெட்டை வாசித்தார்கள். உடல் பாரிஸ் மயானத்தில் அடக்கமானது. இதயத்தை மட்டும், அவருடைய விருப்பப்படி, அக்கா லுட்விகா ஒரு சாடியில் வோர்சோவுக்குக் கொண்டுபோனார். 1863இல் இன்னொரு கிளர்ச்சி நடந்தது. அப்போது தங்கை இசபெலா குடியிருந்த மாளிகையை ரஷ்யப் படையினர் சூறையாடி, சொப்பின் வாசித்த பியானோவை ஜன்னல் வழியே தெருவில் வீசினார்கள்.

இரண்டாம் உலகப் போரில் வோர்சோவைப் பிடித்த நாசிகள் அவருடைய சிலையை 1940இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1944 எழுச்சியின்போது இதயம் இருந்த திருச்சிலுவை ஆலயமே போர்க்களமானது. சாடியை ஜேர்மனியர் எடுத்துப்போனார்கள். நகரம் இன்னும் இடிபாடாகக் கிடந்த 1945இல், ஒக்ரோபர் 17ஆம் திகதி, அது அதே ஆலயத்தின் தூணுக்குத் திரும்பிவந்தது.