தீப்பொறிக்கு நேரம் குறித்தவர்

செனாவாங் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். மின்னாக்கி ஓடும் சில மணி நேரம்தான் லயத்து வீடுகளில் விளக்கெரியும் என்பார்கள். அத்தகைய இயந்திரங்களின் வரலாற்றில் தவிர்க்க முடியாத பெயர் ராபர்ட் போஷ்.

1861 செப்டம்பர் 23ஆம் நாள் ஜெர்மனியின் உல்ம் நகருக்கருகே ஆல்பெக் சிற்றூரில், பன்னிரண்டு பிள்ளைகளில் பதினொன்றாவதாகப் பிறந்தார். நுண்கருவித் தொழில் பயின்று, அமெரிக்காவில் எடிசனின் நிறுவனத்திலும் வேலை பார்த்தார். 1886இல் ஸ்டுட்கார்ட்டில் சிறு பட்டறை தொடங்கினார். மறு ஆண்டே, நிலையாக நின்று ஓடும் இயந்திரம் ஒன்றுக்கு மேக்னெட்டோ எனும் தீப்பொறிக் கருவியைச் செய்து தந்தார். 1897இல் அது வாகனத்திலும் ஏறியது. அதைச் சாதித்தவர் அவருடைய தொழிலாளர் ஆர்னால்ட் ட்ஸேரிங்கர். 1902இல் உயர் அழுத்த மேக்னெட்டோவை உருவாக்கியவர் அவரது பொறியாளர் கோட்லோப் ஹோனோல்ட். 1927இல் டீசல் எரிபொருளைச் செலுத்தும் பம்பும் அவரது ஆலையில் பெருமளவில் உற்பத்தியானது.

இதில் என்ன பெருமை என்கிறீர்களா? உந்துதண்டு உச்சியைத் தொடச் சற்று முன்பே தீப்பொறி எழ வேண்டும். முந்தினால் இயந்திரம் இடிக்கும். பிந்தினால் எரிபொருள் வீணாகும். நான்கு காந்தமுனை மின்னாக்கி நமது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைத் தர நிமிடத்திற்கு 1500 முறை சுழல வேண்டும். சுமை கூடினால் வேகம் தளரும், விளக்கு மங்கும். உடனே எரிபொருளைக் கூட்டி, தீப்பொறி நேரத்தையும் திருத்த வேண்டும். இன்று அதை உணரிகளும் சில்லுகளும் கணக்கிட்டுச் செய்கின்றன. போஷ் நிறுவனம் 1967இல் மின்னணு எரிபொருள் செலுத்தலையும், 1979இல் அதனோடு தீப்பொறிக் கட்டுப்பாட்டையும் இணைத்துக் கார்களில் கொண்டுவந்தது. அவ்வழியே மின்னாக்கி இயந்திரங்களும் பின்னர் வந்தன.

1906இலேயே தம் தொழிலாளர்களுக்கு எட்டு மணி நேர வேலை தந்தவர் போஷ். தோட்டப் பாட்டாளிகளின் பேரப்பிள்ளைகளான நமக்கு அதன் மதிப்பு தெரியும். ஆனால் நாஜி ஆட்சியில் அவரது ஆலைகள் போர்த்தளவாடம் செய்தன. கட்டாயத் தொழிலாளர்களையும் பயன்படுத்தின. அதே காலத்தில் அவர் யூதர்களுக்கு உதவினார், இட்லர் எதிர்ப்பாளர்களை மறைவில் ஆதரித்தார். இரண்டும் உண்மை, ஒன்று மற்றதை அழித்துவிடாது.

1942 மார்ச் 12இல் அவர் மறைந்தார். 1951இல் மைக்கோ நிறுவனம் எழுந்தபோது, அந்தத் தொழில்நுட்பம் இந்தியப் பட்டறைகளுக்கும் வந்து சேர்ந்தது.

பொறியியல் பயிலும் தம்பி தங்கைகளே, போஷின் பெயரோடு ட்ஸேரிங்கர், ஹோனோல்ட் பெயர்களையும் நினைவில் வையுங்கள். முதலாளியின் பெயர் பெட்டியின் மேல் இருக்கும்; உள்ளே இருப்பதோ பலரின் உழைப்பு.