தேசபந்து சித்தரஞ்சன் தாஸ்

ஒரு மகாசபைக்குத் தலைமை தாங்கியவர், அச்சபையிலேயே தம் கொள்கை தோல்வியுறக் கண்டும் தளராது, புதியதோர் கட்சியை நிறுவி ஓராண்டிற்குள் வெற்றியும் கண்டனர் எனின், அன்னார் சரிதம் நம் மாணவர் அறியற்பாலதன்றோ? அத்தகையோரே தேசபந்து எனப் போற்றப்பெற்ற சித்தரஞ்சன் தாஸ்.

இவர் 1870ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 5ந் தேதி கல்கத்தாவிற் பிறந்தார். அந்நகரப் பிரெஸிடென்ஸி கலாசாலையிற் பயின்றபின் சீமைக்குச் சென்று சிவில் சர்விஸ் பரீட்சை எழுதினார், தேறினாரல்லர். பரீட்சையில் தவறி முகம் வாடி நிற்கும் நம் நண்பர் சிலர் இதனை நினைவிற் கொள்வாராக! பாரிஸ்டராய்த் தாய்நாடு மீண்ட இவரைத் தந்தையாரின் கடன் எதிர்கொண்டது. 1906இல் தந்தையும் மைந்தரும் கடனிறுக்க இயலாதவரென நீதிமன்றத்தாற் குறிக்கப்பெற்றனர். அதன்பின் அக்கடனைத் தீர்க்கும்படி சட்டம் இவரைக் கட்டாயப்படுத்தவில்லை. எனினும் 1913இல் அதனை முற்றும் செலுத்தினார். இவர் பிற்காலத்திற் செய்த தியாகங்கள் பலவற்றினும் இச்செயலே நம் உள்ளத்தைப் பெரிதும் கவர்கின்றது.

அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் அரவிந்தருக்காக இவர் வாதாடியதும், 1909இல் அரவிந்தர் விடுதலை பெற்றதும் யாவரும் அறிந்தனவே. அதன்பின் வருவாய் பெருகிற்று. அவ்வளவையும் 1921இல் ஒத்துழையாமையின் பொருட்டு உதறினார். அவ்வாண்டிறுதியிற் சிறை புகுந்தார்.

1922 டிசம்பரில் கயையிற் கூடிய காங்கிரஸிற்கு இவரே அக்கிராசனர். சட்டசபைகளைப் புறக்கணித்தல் தகாது, உட்புகுந்தே அவற்றின் போலித்தன்மையை வெளிப்படுத்தல் வேண்டும் என்பது இவர் கருத்து. காந்தியடிகள் அப்போது சிறையிலிருந்தார். அவர் வகுத்த நெறியினின்று அணுவளவும் பிறழலாகாதென நம் இராஜகோபாலாச்சாரியார் முதலியோர் எதிர்த்து நின்றனர். பெரும்பான்மையோர் அவர் பக்கமே சார்ந்தனர். தாஸர் தலைமையைத் துறந்து, மோதிலால் நேருவுடன் கூடி 1923ஆம் ஆண்டுத் தொடக்கத்திற் சுயராஜ்யக் கட்சியை நிறுவினார். அவ்வாண்டு செப்டம்பரில் டில்லியிற் கூடிய விசேஷ காங்கிரஸ், விரும்புவோர் தேர்தலில் நிற்கலாமென இசைந்தது. இரு சாராரும் நாட்டன்பிற் குறைந்தவரல்லர். ஆதலின் அவருள் ஒருவரைப் பழித்தல் நமக்கு ஒவ்வாது.

வங்காளத் தேர்தலில் இவர் கட்சியே மேம்பட்டது. மந்திரிசபை அமைக்குமாறு கவர்னர் லிட்டன் பிரபு அழைத்தும் இவர் மறுத்தனர். 1924இல் மந்திரிகளின் சம்பளமே சட்டசபையில் மறுக்கப்பட, இரட்டையாட்சி அம்மாகாணத்தில் நிலைகுலைந்தது. அவ்வாண்டே கல்கத்தா நகரசபையின் முதல் மேயரானார். இளைஞர் சுபாஷ் சந்திர போஸ் அதன் தலைமை நிர்வாக அதிகாரியாக அமர்ந்தார்.

முஸ்லிம்களுக்குச் சட்டசபையிலும் உத்தியோகங்களிலும் உரிய பங்களிக்க 1923இல் இவர் செய்த வங்காள உடன்படிக்கையோ வேறு கதியடைந்தது. அவ்வாண்டே காக்கிநாடாக் காங்கிரஸ் அதனை ஏற்க மறுத்தது. வங்காளத்தில் இவர் வாழ்நாள்வரை நிலைத்த அது, இவர் மறைந்தபின் கைவிடப்பட்டது. இன்னும் சில்லாண்டுகள் இவர் இருந்திருப்பின் வங்கத்தின் வரலாறு எவ்வாறு சென்றிருக்குமோ என நாம் எண்ணாதிருத்தல் அரிது.

1925ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16ந் தேதி டார்ஜிலிங்கில் தாஸர் காலமானார். கல்கத்தாவில் நிகழ்ந்த இறுதி ஊர்வலத்திற் காந்தியடிகளும் உடன் சென்றனர். தாஸர் நாட்டிற்கென முன்னரே எழுதிவைத்த இல்லம், பின்னர் அவர் பெயராலேயே மகளிர்க்குரிய வைத்தியசாலையாயிற்று.