நாளைக்கென்று வைக்காத குரு
புனித யோசேப்பு கொத்தலெங்கோ

1827ஆம் ஆண்டு செப்ரெம்பர் 2ஆம் திகதி. மிலானிலிருந்து பிரான்சின் லியோன் நகருக்குப் பயணமான ஓர் ஏழைக் குடும்பம் வட இத்தாலியின் தூரின் நகரில் தங்க நேர்ந்தது. மனைவி கர்ப்பிணி, கடும் நோயாளியுங்கூட. பொது வைத்தியசாலையோ கர்ப்பிணியை ஏற்க மறுத்தது. பிரசவ விடுதியோ நோயாளியை ஏற்க மறுத்தது. இரண்டுக்கும் சட்டம் இருந்தது! ஒரு தொழுவத்தில், கணவனும் பிள்ளைகளும் கதறி நிற்க, அவள் உயிர் பிரிந்தது.

அவளுக்கு இறுதித் தேவதிரவிய அனுமானங்களைக் கொடுக்க வந்தவர் அருகிலிருந்த திவ்விய நற்கருணை ஆலயத்துக் குருவான யோசேப்பு பெனடிக்ற் கொத்தலெங்கோ. வயது 41. பிறா என்னும் ஊரிற் பிறந்தவர். வேதசாத்திரத்தில் கலாநிதி, கனோன் என்னும் கௌரவப் பதவியும் வசதியான வாழ்வும் உடையவர். ஆயினும் மனத்திலே ஏதோ ஒரு வெறுமை. அதைப் போக்கத் தமக்கு என்ன தேவை என்று அவருக்கே தெரியவில்லை. புனித வின்சென்ற் தே போல் சரிதையை அந்நாட்களில் வாசித்துக்கொண்டிருந்தார்.

தொழுவத்திலிருந்து நேரே ஆலயத்துக்குப் போனார். மாதாவின் பீடத்தில் மெழுகுதிரிகளை ஏற்றுவித்தார். மணி அடிக்கச் செய்தார். கூடியவர்களோடு பிரார்த்தனை சொன்னார். எழுந்தபோது அவர் முகத்தில் தெளிவு இருந்தது. தம்முடைய தேவையைத் தேடியவர் பிறருடைய தேவையைக் கண்டுகொண்டார்.

1828 ஜனவரியில் ஆலயத்தின் எதிரே வாடகை அறைகளிற் சில கட்டில்களைப் போட்டார். மரியான்னா நாசி என்னும் விதவை துணைக்கு வந்தார். 1831இல் கொலராப் பயத்தினால் அதிகாரிகள் அந்த இடத்தை மூடினர். அவரோ, கோவாக்கன்று பிடுங்கி நட்டாற்றான் செழிக்கும் என்றார். 1832 ஏப்ரல் 27இல் ஒரு நோயாளியும் இரு கன்னியரும் கழுதை வண்டியோடு நகர்ப்புறமான வல்தொக்கோவுக்குப் போய்ச் சேர்ந்தனர். தேவ பராமரிப்பின் சிறிய இல்லம் அங்கேதான் வேரூன்றியது. வலிப்பு நோயாளர், செவிடர், அநாதைகள், மூளை வளர்ச்சி குன்றியோர், ஒருவரும் ஏற்காதவர் எல்லாருக்கும் அங்கே இடமிருந்தது.

மூலதனம் இல்லை. நிரந்தர வருமானம் இல்லை. வரவுசெலவுக் கணக்கும் இல்லை. (எமது பங்குப் பொருளாளர்கள் இதைக் காட்டிக் கணக்கேட்டை மூடிவிடக் கூடாது, அழைத்தல் ஆளுக்காள் வேறு.) வந்ததை அன்றே செலவிட்டார். கடன்காரர் வாசலில் நின்ற நாட்களும் உண்டு. கையிருப்பு வற்றினால் மற்றவர்கள் ஆட்களைக் குறைப்பார்கள். அவரோ, வெறுங்கட்டில் எங்கே கிடக்கிறது என்று தேடி இன்னுமொரு நோயாளியைச் சேர்ப்பார். கட்டில் வெறுமையாகக் கிடப்பதால்தான் உதவி தடைப்படுகிறது என்பது அவர் எண்ணம். இல்லத்தில் இடைவிடாத செபம் நடக்க ஏற்பாடு செய்தார்; செபமே அங்கே முதல் வேலை, அடுப்படி வேலைகூட அதற்குப் பிறகுதான். மனித விவேகம் இதை ஏற்காது. நமக்குங்கூட வாசிக்கையிற் சற்றுத் தயக்கமே.

மன்னர் சார்ள்ஸ் அல்பேர்ட்டுக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. நீர் இறந்தபின் இல்லத்தின் கதி என்ன என்று கேட்டாராம். அரண்மனை முற்றத்திற் காவலர் மாறிக்கொண்டிருந்தனர். ஒருவன் காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போக, மற்றவன் அந்த இடத்தில் நின்றான். கொத்தலெங்கோ அதைச் சுட்டிக்காட்டினார்.

1842இல் நச்சுக் காய்ச்சல் இல்லத்தினுள் புகுந்தது. அவரையும் பற்றியது. கியேரி நகரில், தம் சகோதரரின் வீட்டில், ஏப்ரல் 30ஆம் திகதி இறந்தார். 1934இல் பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். அவர் இறந்தபோது அவருடைய இடத்தை அங்லேசியோ என்னும் குருவானவர் ஏற்றார். இல்லத்தின் கதவு மூடப்படவில்லை.