ஒரே இரவில் ஒரு நாடகம்

பள்ளி ஆண்டு விழா வந்துவிட்டால் வகுப்பில் ஒரே பரபரப்புதான். என்ன நாடகம் போடுவது? யாருக்கு ராஜா வேடம்? பாட்டுப் பாட யார் இருக்கிறார்கள்? நாடகம் சொல்லித்தரும் ஆசிரியருக்கு அன்று முதல் தூக்கம் இருக்காது.

இந்தக் கேள்விகளோடு வாழ்நாள் முழுவதும் வாழ்ந்த ஒரு பெரியவர் இருந்தார். தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள்தான் அவர்.

தூத்துக்குடிக்கு அருகில் உள்ள காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ஆம் ஆண்டு பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் சங்கரன். தந்தையிடமும், பிறகு பழநி தண்டபாணி சுவாமிகளிடமும் தமிழ் கற்றார். வெண்பாவும் சந்தப் பாடல்களும் அவருக்குக் கைவந்த கலையாயின. ஆனால் பாட்டு சோறு போடுமா? உப்பளம் ஒன்றில் கணக்கு எழுதும் வேலைக்குப் போனார்.

மனம் கணக்கில் ஒட்டவில்லை. 24-ஆம் வயதில், 1891-இல், வேலையை உதறிவிட்டு நாடகத்தில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் கூத்தாடி என்றால் ஊரார் மதிக்க மாட்டார்கள். இருந்தும் துணிந்து போனார்.

எமன், இராவணன், இரணியன் போன்ற பயங்கர வேடங்களில் அவர் மேடை ஏறினால் குழந்தைகள் நடுங்குவார்களாம். ஒருமுறை சனீஸ்வரன் வேடத்தைக் கலைக்க விடியற்காலையில் நீர்நிலைக்குப் போனார். இருட்டில் அவரைக் கண்ட ஒரு பெண் பயத்தில் உயிர்விட்டதாக நாடக உலகில் ஒரு செய்தி உண்டு. தன் நடிப்பு பிறருக்குத் துன்பமாகிவிடக்கூடாது என்று எண்ணிய அவர், நடிப்பதை விட்டார். துறவிபோல் தலயாத்திரை செய்தார். சங்கரதாஸ் 'சுவாமிகள்' ஆனது இப்படித்தான்.

புதுக்கோட்டையில் கஞ்சிரா வித்துவான் மான்பூண்டியா பிள்ளை அவரைத் தம் மகனைப் போல ஏற்றுக்கொண்டார். அங்கே தாள நுணுக்கங்களைக் கற்றார். மீண்டும் நாடகம் அவரை அழைத்தது. இந்த முறை நடிகராக அல்ல, வாத்தியாராக!

அந்தக் கால நாடகங்களில் பேச்சைவிடப் பாட்டே அதிகம். மைக் கிடையாது. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கும்படி பாட வேண்டும். பெரிய நடிகர்கள் சிலர் பாடம் செய்யாமல் மேடைக்கு வந்து, மனம் போனபடி பேசினார்கள். கதை எங்கோ போய்விடும். இது சுவாமிகளுக்கு மிகுந்த வேதனை தந்தது.

அவர் கண்ட வழி, சிறுவர்களை வைத்தே நாடகம் நடத்துவது. 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கப்பட்டது. சுவாமிகள் ஆசிரியர் ஆனார். தமிழும் பாட்டும் நடிப்பும் அங்கே பாடங்கள். எழுதியதை எழுதியபடியே ஒப்பிக்க வேண்டும். ஒரு சொல் தவறினாலும் விடமாட்டார்.

அந்தச் சபையில் மூன்று சகோதரர்கள் சேர்ந்தனர். அவர்களில் சிறியவன் சண்முகம். வயது ஆறுதான்! நல்ல குரல், நல்ல ஞாபகசக்தி. நாரதராக நடித்துப் பெயர் வாங்கினான். இவனையே கதாநாயகனாக வைத்து ஒரு நாடகம் வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது.

இங்கேதான் சுவாமிகளின் திறமையைப் பார்க்க வேண்டும். பெரியவர்கள் நடித்த ராஜா வேடத்தை அந்தச் சின்னஞ்சிறுவனுக்கு மாட்டினால் எப்படி இருக்கும்? அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்டது போலத் தொளதொளவென்று இருக்கும். எனவே பையனுக்குப் பொருத்தமான கதையைத் தேடினார். அருச்சுனன் மகன் அபிமன்யு நினைவுக்கு வந்தான். அவனும் இளம் வீரன்தானே!

அன்றிரவு விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தார். பொழுது விடிந்தபோது 'அபிமன்யு சுந்தரி' நாடகம் முழுவதும் தயாராக இருந்தது. பாடல்கள் மட்டுமே நூற்றுக்கு மேல்! அதில் அபிமன்யுவாக நடித்த சிறுவன்தான் பிற்காலத்தில் ஔவையாராக நடித்துப் புகழ்பெற்ற ஔவை தி.க. சண்முகம். இந்தச் செய்தியைத் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் நன்றியோடு எழுதி வைத்திருக்கிறார்.

ஓர் இரவில் எழுத முடிந்தது எப்படி? அதற்கு முன்பு முப்பது ஆண்டுகளாகப் படித்ததும், பாடியதும், நடித்ததும் அந்த ஓர் இரவில் உதவிக்கு வந்தன. உழைப்பில்லாமல் வேகம் வருவதில்லை.

வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் சரித்திரம் எனப் பல நாடகங்களை எழுதினார். கடைசிக் காலத்தில் பக்கவாத நோய் அவரைத் தாக்கியது. ஆயிரக்கணக்கான பாடல்களைச் சொல்லித்தந்த வாய் பேச முடியாமல் போனது. ஆனால் அவர் எழுதிய பாடல்களை மாணவர்கள் மேடையில் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள். 1922 நவம்பர் 13-ஆம் நாள் புதுச்சேரியில் காலமானார். அங்கே கருவடிக்குப்பத்தில் அவரது சமாதி உள்ளது.

இன்றும் தென் மாவட்டக் கோயில் திருவிழாக்களில் வள்ளி திருமணம் விடிய விடிய நடக்கிறது. வெவ்வேறு ஊர் நடிகர்கள் அன்று மாலைதான் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. ஆனாலும் நாடகம் தடையின்றி நடக்கும். காரணம், எல்லோரும் சுவாமிகளின் பாடத்தையே மனப்பாடம் செய்தவர்கள்!

அடுத்த ஆண்டு விழாவுக்கு நாடகம் தேடும்போது, முதலில் உங்கள் வகுப்பைச் சுற்றிப் பாருங்கள். கடைசி வரிசையில் ஓர் அபிமன்யு உட்கார்ந்திருக்கலாம்!