மூளைக்குள் ஒரு மெல்லிய கம்பி... டாக்டர் ராமமூர்த்தியைத் தெரியுமா?

தி.நகர் பஸ் ஸ்டாண்டில் நின்னுக்கிட்டே நியூராலிங்க் ரீல்ஸ் பார்த்திருப்பீங்க. தலைமுடியைவிட மெல்லிய இழைகளை மூளையில் பதித்து, செல்களின் மின்துடிப்பைப் பதிவு செய்யும் டெக்னாலஜி அது. ஆனா, மூளைக்குள் எலெக்ட்ரோடு இறக்கும் வேலை அரை நூற்றாண்டுக்கு முன்னாடியே நம்ம சென்ட்ரல் எதிரே இருக்கிற ஜி.ஹெச்-ல நடந்திருக்கு!

அதுக்கு அஸ்திவாரம் போட்டவர் டாக்டர் பி.ராமமூர்த்தி. 1922-ல் சீர்காழியில் பிறந்தவர். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்து, இங்கிலாந்தின் நியூகாசிலில் மூளை அறுவை சிகிச்சை பழகி, 1950-ல் ஜி.ஹெச்-ல் அதற்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். மறுவருஷமே மூன்று டாக்டர்களுடன் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தை உருவாக்கினார்.

அப்போ சி.டி ஸ்கேன் கிடையாது. பிறகு மூளைக்குள் ஒரு புள்ளியை எப்படிக் கண்டுபிடிச்சாங்க? தலையில் உலோக ஃபிரேமைப் பொருத்தி, எக்ஸ்ரே எடுத்து, கணக்குப் போட்டு, மண்டையோட்டில் சின்னத் துளை வழியாக எலெக்ட்ரோடை இறக்குவாங்க. நோயாளி விழித்திருப்பார். லேசா கரன்ட் கொடுத்து, கை நடுக்கம் குறையுதா, பேச்சு குழறுதானு பார்ப்பாங்க. இடம் சரினு உறுதியானதும் அந்தப் புள்ளியை அழிச்சிடுவாங்க. இதுதான் ஸ்டீரியோடாக்டிக் சர்ஜரி. டாக்டர்கள் வி.பாலசுப்ரமணியம், டி.எஸ்.கனகா இருவரும் இதில் அவருடைய டீம்.

இங்கேதான் ஒரு சிக்கல். வீட்டாரால் சமாளிக்க முடியாத ஆவேசம் கொண்ட நோயாளிகளுக்கும், சிறுவர்களுக்கும்கூட இந்த முறையை அவர்கள் பயன்படுத்தினார்கள். அழித்த இடம் திரும்ப வராது. சம்மதம் சொல்லத் தெரியாதவருக்காக முடிவெடுப்பது யார்? உலகம் முழுக்க இந்தக் கேள்வி எழுந்து, இப்படியான சிகிச்சைகள் பெரிதும் குறைந்தன.

1975-ல் கனகா மூளைக்குள்ளேயே எலெக்ட்ரோடைத் தங்கவைக்கும் சிகிச்சையைச் செய்தார். இன்றைய பார்க்கின்சன் சிகிச்சையில் பதிக்கும் கம்பியின் தடிமன் சுமார் 1.27 மி.மீ.தான். கரன்ட்டைக் கூட்டலாம், குறைக்கலாம், வேண்டாம்னா ஆஃப் பண்ணலாம். பெரிய வித்தியாசமே இதுதான்!

ஓய்வுக்குப் பிறகும் ராமமூர்த்தி சும்மா இருக்கலை. தரமணி வி.ஹெச்.எஸ் மருத்துவமனையில் நரம்பியல் அறுவை சிகிச்சை மையத்தைக் கட்டியெழுப்பினார். 2003-ல் மறைந்தார்.

அடுத்த முறை மூளை சிப் ரீல்ஸ் வந்தா, ஸ்பீடை மட்டும் பார்க்காதீங்க. யார் சம்மதம் சொன்னாங்க, வேண்டாம்னா நிறுத்த முடியுமானும் கேளுங்க!