கான்சாகிபு சரித்திரமும் கதைப்பாடலும்

மதுரை மாநகரின்கண் கான்சாமேட்டுத் தெரு என ஒரு தெரு உளது. அதன்வழி நாடோறும் செல்வார் பலர். அப்பெயர்க்குரியாரை அறிந்தவர் சிலரே. கான்சாகிபு என்பதே மக்கள் நாவிற் கான்சா எனக் குறுகியது. அவரது இயற்பெயராக இன்று பலரும் அறிவது யூசுபுகான் என்பது.

அவர் இராமநாதபுரச் சீமைப் பனையூரில் வேளாளர் குடியில் மருதநாயகம் என்னும் பெயரோடு தோன்றிப் பின்னர் இஸ்லாஞ் சமயந் தழுவினார் என்பது வழக்கு. கும்பினியார் சேனையிற் சிப்பாய்களுக்குத் தலைவராய் அமர்ந்து, திருச்சிராப்பள்ளி முற்றுகையின்போது, பகைவர் வழிமறித்து நிற்கவும் உணவுப் பொருள்களைக் காத்துக் கொணர்ந்து, மேஜர் லாரன்ஸ் துரையின் நன்மதிப்பைப் பெற்றார். 1759-ம் வருஷத்தில் மதுரை, திருநெல்வேலிச் சீமைகள் அவர் ஆளுகைக்கு உட்பட்டன. கோட்டைகளைப் பழுது பார்த்தார். வரி வசூலை ஒழுங்குபடுத்தினார். மீனாட்சியம்மன் கோயிலுக்குரிய மானியங்களை மீட்டளித்தார் என்றும் கூறுவர். 1761-ல் பூலித்தேவரது நெற்கட்டுஞ்செவலை வென்றவரும் இவரே.

நவாபு முகம்மதலி இவரைத் தமக்குக் கீழ்ப்படுத்த முயன்றார், இவர் இணங்கிலர். கும்பினியார் நவாபின் பக்கஞ் சார்ந்தனர். 1763-ல் இருவர் சேனையும் மதுரைக் கோட்டையை வளைந்து, பயனின்றி மீண்டன. 1764-ல் மறுபடியும் வளைந்தன. ஜூன் மாதத்தில் நிகழ்ந்த பெருந்தாக்குதலையும் கான்சாகிபு முறியடித்தார். ஆயினும் கோட்டையினுள் உணவு அருகியது. அக்டோபர் மாதம் 13-ந் தேதி, திவான் சீனிவாசராவும் பிரெஞ்சுப் படைத்தலைவன் மார்ச்சாண்டும் முதலிய அவர்தம் ஆட்களே அவரைப் பிணித்துப் பகைவரிடம் ஒப்புவித்தனர். 15-ந் தேதி அவர் தூக்கிலிடப்பட்டார். சம்மட்டிபுரத்தில் அவரது அடக்கத்தலம் இன்றும் உளது.

இவ்வளவும் கும்பினியார் கடிதங்களைக்கொண்டு அறியலாவன. அக்கடிதங்களில் அவர் ஒரு கலகக்காரர். மக்களோ 'கான்சாகிபு சண்டை' என்னும் கதைப்பாடலில் அவரை வீரராக வைத்துப் பாடினர். தூக்குக்கயிறு பலமுறை அறுந்தது என்றும், அஞ்சிய பகைவர் உடலைத் துண்டித்துப் பல ஊர்களுக்கு அனுப்பினர் என்றும் செவிவழிக் கதைகள் சொல்லும். இவை நடந்தனவோ அல்லவோ, அவரை அந்நாட்டு மக்கள் எவ்வாறு கருதினர் என்பதற்கு இவையே சான்று. அச்சான்று எக்கச்சேரிக் காகிதத்தினும் இல்லை.

பூலித்தேவரைப் போற்றுவார் கதைகளில் இதே கான்சாகிபு பகைவராய் நிற்கின்றார். ஓரூரார்க்கு வீரர் மற்றோரூரார்க்கு மாற்றார் ஆதல் இயல்பே. ஆதலின் ஒரு பாடலை மட்டுங் கேட்டு முடிவு கட்டுதல் தகாது. கடிதங்களை மட்டும் நம்புதலும் தகாது.

ஹில் என்னும் ஆங்கிலேயர் 1914-ல் கடிதங்களைத் தொகுத்தாராய்ந்து கான்சாகிபுவின் சரித்திரத்தை நூலாக வெளியிட்டார். கதைப்பாடலை ஆராய்ந்து பதிப்பித்தவர் பேராசிரியர் நா. வானமாமலை. அப்பதிப்பு வெளிவந்தது வீரர் இறந்து இருநூறு ஆண்டுகள் கழிந்த பின்னரே. அதுகாறும் அதனைக் காத்தவர் பெயரறியாப் பாடகர்கள்.

நம் அங்கத்தினர் இல்லங்களிலும் முதியோர் உளர். குலதெய்வக் கதையும், ஊர் வந்த கதையும், தாலாட்டும் ஒப்பாரியும் அவர்கள் நெஞ்சில் உள்ளன. அவர்களை அணுகிக் கேட்டு, சொன்னபடியே திருத்தாது எழுதி, சொன்னவர் பெயரும் ஊரும் நாளும் குறித்து வைத்தல் நம் இளைஞர் கடன். அவர்கள் மறைந்தபின் கேட்க ஆளில்லை.