தூரிகையும் எழுதுகோலும்

சேலத்திற்குத் தெற்கே, காவிரியின் வடகரையில் அமைந்த ஊர் மோகனூர். அங்கு 1888ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 19ஆம் நாள் தோன்றியவர் இராமலிங்கனார். நாமக்கல் கவிஞர் எனப் பின்னாளில் புகழ்பெற்ற இவரை, நாடு முதற்கண் ஓவியராகவே அறிந்தது.

இளமையிலேயே இவர்க்குச் சித்திரந் தீட்டுவதில் வேட்கை மிகுந்திருந்தது. காவல்துறையில் பணியாற்றிய தந்தையாரோ, மகன் அரசுப் பணியில் அமர்தலையே விழைந்தார். அவ்வாறே இவர் தாசில்தார் அலுவலகத்தில் எழுத்தராகவும், பின்னர்த் தொடக்கப்பள்ளி ஆசிரியராகவும் சிலகாலம் பணிபுரிந்தார். எனினும், உள்ளம் ஓவியத்தையே நாடிற்று. ஆதலின், திங்கள்தோறும் தவறாது கிடைத்த ஊதியத்தைத் துறந்து, உருவப்படம் எழுதுதலையே தொழிலாகக் கொண்டார்.

1911ஆம் ஆண்டு தில்லியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா நிகழ்ந்தது. அதனையொட்டி இவர் வரைந்த ஓவியம் பொற்பதக்கம் பெற்றது. இங்ஙனம் அரசின் பரிசு பெற்றவரே, பின்னர்க் காந்தியடிகளின் நெறிநின்று அவ்வரசை எதிர்த்தார். 1930ஆம் ஆண்டு வேதாரணியம் உப்பு அறப்போர்க்கு வழிநடைப் பாடல் இயற்றினார். 1932இல் ஓராண்டுச் சிறைத்தண்டனையும் ஏற்றார். நாடு விடுதலை பெற்றபின், 1949இல் சென்னை மாகாண அரசு இவரை அரசவைக் கவிஞராக்கிச் சிறப்பித்தது. 1972ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 24ஆம் நாள் இவர் மறைந்தார்.

மாணவர்களே! இயல்பாக அமைந்த திறனை உழைப்பால் வளர்த்தலும், வளர்த்த திறனை நாட்டிற்கு ஈதலும் நம் கடமை என்பதை இவர் வாழ்வு உணர்த்துகின்றது.